மலேயாவில் மாட்டிக்கொண்ட மடி

என் மகளுக்கு எட்டு வயதாகியும் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் இது சின்னக் குறையில்லை. வீட்டுக்குப் பூச்சு பூசாமல் விட்டால், கையில் காசில்லை போலிருக்கிறது என்று ஊர் விட்டுவிடும். பெண்பிள்ளைக்குக் காது குத்தாமல் விட்டால், அந்த வீட்டில் என்னமோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை அதற்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டில் இரண்டை உரித்துக் காதுமடலில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். காரைக்குடி வெயிலில் மத்தியானத்துக்குள் ஒன்று கழன்று கழுத்துக்கு வந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மச்சம் மாதிரி இருக்கும்.

காரணம் ரொம்ப எளிது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மடி மலேயாவில் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் மலேசியா என்று எழுதுவார்கள்; எங்கள் ஊர் வாய்க்கு அது என்றைக்கும் மலேயாதான்.

என் மனைவிக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளையும், ஒரு தம்பியையும், ஒரு தங்கையையும் கண்டனூரில் இருக்கிற அத்தைதான் வளர்த்தாள். பிள்ளைக்கு முதல் மொட்டை போட்ட வருடம் தம்பி ஊரில்தான் இருந்தான். கையோடு காதையும் குத்திவிடலாம் என்று நான் சொன்னேன். அவன்தான் மறித்தான். முதல் மருமகள், சும்மா ஒரு தட்டோடு வந்து நிற்க முடியாது, அடுத்த வருடம் சீரெல்லாம் கொண்டுவந்து தடபுடலாகச் செய்கிறேன் என்றான். அந்தச் சீரைச் சம்பாதிக்கத்தான் மலேயா போனான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்து, ஒரு மாத விசா வாங்கிக்கொண்டு போனான். ஏழு வருடத்தில் அவன் சுற்றிப் பார்த்தது ஒரு சாப்பாட்டுக்கடையின் ரொட்டிக்கல்லை மட்டும்தான்.

சீர் தயாராகி ரொம்ப நாளாகிவிட்டது. ஆளைத்தான் அனுப்ப முடியவில்லை. வெளியே வந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள், அடைப்பார்கள், பிறகு அந்த நாட்டுப் பக்கமே தலைவைக்க விடமாட்டார்கள். ஆகவே அவன் வரவில்லை. வராததால் இன்னும் ஆழமாக உள்ளே போனான். பாஸ்போர்ட்டைக் கடை முதலாளி பத்திரமாக வைத்திருந்தார். எவ்வளவு பத்திரம் என்றால், கேட்டால்கூடத் தரமாட்டார்.

எங்கள் ஊரில் இந்த நிலைமைக்குக் கெட்ட வார்த்தை எதுவும் கிடையாது. 'விசா முடிஞ்சு போச்சு' என்பார்கள், பால் திரிந்துபோச்சு என்கிற மாதிரி. பாலைத்தான் கொஞ்சம் நொந்துகொள்ள வேண்டும், யார் மேலும் தப்பில்லை. 'கள்ளத்தோணி' என்று ஒரு வார்த்தையும் எங்களிடம் இருந்தது. அதை மற்ற ஊர் ஆட்களுக்காகத் தனியே எடுத்து வைத்திருந்தோம்.

எனக்குத் தொழில் அச்சகம். செக்காலைப் பக்கம் ஒரு சின்னக் கடை, ஒரு டிரெடில் மிஷின். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கருமாதி, கட்சிக் கூட்டம் என்று எல்லாம் அடித்துக் கொடுப்பேன். ஊர்ப் பிள்ளைகளின் காதுகுத்துப் பத்திரிகைகளில் 'தாய்மாமன்' என்ற எழுத்தைப் பெரிதாகக் கோர்த்துக் கோர்த்து, அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்திருந்தது.

வயிற்றெரிச்சலைத் தணிக்க எதிரே டீக்கடை பெஞ்ச் இருந்தது. அங்கே ஒரு மன்றம் கூடும். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதற்குத் தலைவர். மன்றத்துக்கு வேறு வேலை இல்லாததால், நாட்டைக் காப்பாற்றுகிற வேலையை எடுத்துக்கொண்டது. அப்போது இலங்கையில் இருந்து வந்த சனங்கள் முகாமுக்கு வெளியேயும் அங்கங்கே வாடகைக்குக் குடியிருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிந்துவிட்டு, அவ்வப்போது கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். மன்றத்துக்கு அது போதவில்லை. கள்ளத்தனமாக நுழைகிறவர்களை ஒரு நாடு என்ன செய்ய வேண்டும் என்று தினமும் தீர்ப்புச் சொல்வோம். நான் நன்றாகப் பேசுவேன். பேச்சுக்கு நடுவில் ஒரு நையாண்டி வைத்தால் பெஞ்சே குலுங்கும். அதற்காகவே, பிடி, ஏற்று, அனுப்பு என்று தினமும் ஒரு கப்பலை நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். 'காரைக்குடி ஊரா, சத்திரமா?' என்று மன்றம் அடித்த போஸ்டருக்கு வாசகம் நான் கொடுத்ததுதான். அடித்ததும் நான்தான். இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரு டீ.

தலைவருடைய பெருமையையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீடு, சொந்தக்காரர்கள் சென்னையில். கல்யாணம் என்றால் வந்து திறப்பார்கள், முடிந்தால் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சாவி தலைவரிடம் இருந்தது. அவர் அந்த வீட்டின் பின்கட்டை, இலங்கையில் இருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஊர் வாடகையைப் போல இரண்டு மடங்கு. கேட்டால், அவர்களுக்கு வீடு கொடுப்பதில் உள்ள ஆபத்துக்கு அது ஈடு என்பார். ஆபத்தைத் துரத்தச் சொல்லிப் போஸ்டரும் அவர்தான் அடிப்பார். அந்தப் பெண் எங்கள் தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். தலைவரின் மனைவிக்கும்.

இப்படி நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, தொண்ணூறுகளின் கடைசியில், மலேயாவில் இருந்து செய்தி வந்தது. அங்கே தொழில் படுத்துவிட்டது, காகிதம் இல்லாத ஆட்களைச் சல்லடை போட்டு அரிக்கிறார்கள், ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் தானாகவே வந்து நிற்கிறவர்களை அபராதத்தோடு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று. மைத்துனன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, இதுதான் சமயம், வந்துவிடுகிறேன், தேதி வைத்துவிடு அக்கா என்றான். என் மனைவி அன்றைக்கே தேதி வைத்தாள். முறுக்குக்கு அரிசி ஊறவைத்தாள். நான் என் வாழ்க்கையிலேயே பெரிய எழுத்தை எடுத்து 'தாய்மாமன்' என்று கோர்த்து, கீழே அவன் பெயரைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மலேசியா' என்றும் சேர்த்தேன். பத்திரிகையில் அந்தச் சொல் இருந்தால் மொய் கொஞ்சம் கூடும் என்பது தொழில் அனுபவம்.

முதல் பிரதியை எடுத்துக் கொடியில் காயப்போட்டிருந்தேன். அப்போது கடைக்குள் ஏட்டையா நுழைந்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என்னப்பா, மலேயாவுல ஆளுகளப் புடிச்சு அடைக்கிறானாம்ல. ஒன் மச்சினன் அங்கனதான இருக்காப்ல?" என்றார்.

கொடியில் அவன் பெயர், ஊர், நாடு, வருகிற தேதி எல்லாம் கொட்டை எழுத்தில் காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதற்கு முன்னால் நின்று, வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டேன். மறைக்க வேண்டும் என்பதுதான் என் நோக்கம். ஏட்டையா என்ன நினைத்தாரோ, சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவைப் பார்த்தபடியே, தன் மகளின் சடங்குக்குப் பத்திரிகை அடிக்க என்ன ஆகும் என்று கேட்டார். நான் வேட்டியை விரித்தபடியே விலை சொன்னேன். வந்த வேகத்தில் போய்விட்டார்.

மனிதர் உண்மையிலேயே சடங்குப் பத்திரிகைக்குத்தான் வந்தார். மச்சினனைப் பற்றிக் கேட்டது, வெயில் எப்படி என்று கேட்கிற மாதிரி ஒரு கேள்வி. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என் மண்டைக்குள் ஓடிய கதை வேறு. மலேயா அரசாங்கம் டில்லிக்கு எழுதுகிறது. டில்லி சென்னைக்கு, சென்னை சிவகங்கைக்கு, சிவகங்கை ஏட்டையாவுக்கு. அவர் மகளை வயதுக்கு வரவைத்து, அந்தச் சாக்கில் என் கடைக்குள் வேவு பார்க்க வந்திருக்கிறார். ரொட்டி போடுகிற ஒருவனுக்காக இரண்டு அரசாங்கங்கள் சோறு தண்ணி இல்லாமல் உழைப்பதாக நம்பினேன். பெஞ்சில் உட்கார்ந்து கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றி அனுப்பிய மகாவீரன், கடைக்கதவைச் சாத்திவிட்டு மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தேன். பத்திரிகை பத்து ஊருக்குப் போகும், யார் கையிலாவது சிக்கும், விமான நிலையத்தில் ஆளுக்கு வலை விரிப்பார்கள். ஆகவே மைத்துனன் பெயரை எடுத்துவிட்டேன். தாய்மாமன் இடத்தைக் காலியாக விட முடியாதே. பள்ளத்தூரில் வாத்தியாராக இருக்கிற மனைவியின் சித்தப்பா மகன் பெயரைப் போட்டேன். முறைப்படி அவனும் மாமன்தான். அவனிடம் போய்ச் சொன்னபோது எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பத்திரிகையில் தன் பெயர் அத்தனை பெரிதாக வந்த சந்தோஷத்தில் பட்டுவேட்டி எடுக்கப் போய்விட்டான். மனைவியிடம் நான் மூச்சு விடவில்லை. பெண்கள் வாயில் ரகசியம் தங்காது, நாமே நுணுக்கமாக முடித்துவிடுவோம் என்று ஒரு மமதை. அவளுக்குக் காட்டியது பழைய பிரதியை. தபாலில் போனது புதியது.

ஒரு அச்சகக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சனங்கள் பத்திரிகையைப் படிக்கிற விதமே தனி. நாள், நட்சத்திரம், கோயில் எதையும் பார்க்கமாட்டார்கள். நேரே பெயர்களுக்குப் போவார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை. காதுகுத்துப் பத்திரிகையில் கூடப்பிறந்த மாமன் பெயர் இல்லாமல் சித்தப்பன் மகன் பெயர் இருந்தால் அதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று, அக்காவுக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை. சண்டை என்றால் கண்டனூர் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கவில்லை. ஆகவே, இரண்டாவது காரணம்.

பத்திரிகை போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் காலையில் டவுன் பஸ் எங்கள் தெருமுனையில் நின்றது. கண்டனூர் அத்தை இறங்கினாள். பின்னாலேயே அந்தப் பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். இறங்கின இடத்திலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தெருவே வெளியே வந்துவிட்டது. என் மனைவி அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிகிற முறுக்கு உழக்கைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தவளை அத்தை கட்டிக்கொண்டு கதறினாள். அவளும், யாரென்று தெரியாமலே, முறைக்கு அழுதாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் கேட்டாள்.

"யாரு அயித்தை செத்தது?"

"ஒந் தம்பி செத்ததைப் பத்திரிகையப் பாத்தா நான் தெரிஞ்சுக்கிறணும்?" என்றாள் அத்தை. "வளத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி விட வேணாமாடி?"

மனைவி அத்தையின் கையில் இருந்த பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாசல் தூணின் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீக?" என்றாள்.

சொன்னேன். ஏட்டையா, டில்லி, சிவகங்கை, வலை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மண்டைக்குள் இருந்தபோது அந்தக் கதை நன்றாகத்தான் இருந்தது. ஏழெட்டுப் பெண்களுக்கு நடுவில் நின்று வாய்விட்டுச் சொன்னபோது அது இருந்த இடம் தெரியவில்லை.

மனைவி சத்தம் போடவில்லை. "போலீசு புடிச்சிருந்தா ஆறு மாசத்துல விட்டிருப்பான்," என்றாள். "நீங்க கொன்னுல்ல போட்டீக."

அத்தை நம்பவில்லை. துக்கத்தை மறைப்பதற்காக நாங்கள் கதை கட்டுகிறோம் என்று நினைத்தாள். போனில் அவன் குரலைக் கேட்டால்தான் கிளம்புவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சரியென்று எல்லோருமாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். கடை முதலாளியின் நம்பர் எங்களிடம் இருந்தது. எப்போது போட்டாலும் கொஞ்சம் காக்க வைத்து மைத்துனனைக் கூப்பிட்டுக் கொடுப்பார். எங்கள் பக்கத்து ஆள்தான். நான் போட்டுப் பெயரைச் சொன்னேன்.

"அப்பிடி யாரும் இங்க இல்லையே," என்றார் முதலாளி. "நம்பர் மாத்திப் போட்டிருக்கீக."

வைத்துவிட்டார். மறுபடியும் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நான் ரிசீவரை வைத்த விதத்திலேயே மனைவி புரிந்துகொண்டாள். பூத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதுவரை அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவர்கூட இப்போது அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் பெயரைத்தானே எடுத்தேன், ஆளையே எடுத்துவிட்டார்களா? தடுப்புக் கொட்டடியில் அடி, நோய், சாவு என்று அந்த மாதத்துப் பேப்பரில் வந்த ஒவ்வொரு வரியும் ஞாபகத்துக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அதே வரிகளைச் சத்தமாகப் படித்து, 'ஒரு நாடுன்னா இப்பிடிக் கறாரா இருக்கணும்' என்று தலைவர் சொன்னபோது நான் ஒரு ஜோக்கும் சேர்த்திருந்தேன். என்ன ஜோக் என்பது மறந்துவிட்டது. எல்லோரும் சிரித்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

வீட்டில் அடுப்பு அணைந்தது. முறுக்கு மாவு புளித்து வழிந்தது. மகள் மட்டும், காது குத்துவதும் இல்லையா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். மைத்துனனுக்கு இளையவளான கடைசித் தங்கை, கட்டிக்கொடுத்த ஊரில் இருந்து வந்து சேர்ந்தாள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவளிடம் யாரும் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மகளுக்குத் தைக்கக் கொடுத்திருந்த பட்டுப்பாவாடைச் சட்டையைக் கொடுக்கப் பின்கட்டுப் பெண் வந்தாள். வீடு இருக்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். என் மனைவி, முதலாளி போனில் சொன்னதைச் சொன்னாள்.

அவள் சட்டையைப் பாயில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அக்கா, இல்லையெண்டு சொன்னவரோ? அப்ப ஆள் அங்கதான் இருக்குது," என்றாள். "பிடிச்சுக்கொண்டு போயிருந்தால், பிடிச்சிட்டாங்கள் எண்டு சொல்ல அவருக்கு என்ன பயம்? வச்சிருக்கிறபடியால்தான் இல்லையெண்டு சொல்லுறார். என்ர அண்ணன் பிரான்சில ஒரு கடையில ரெண்டு வருசம் இப்பிடி இல்லாமல் இருந்தவர்."

என் மனைவி எழுந்து போனாள். அவளுக்குக் காப்பி போட்டாள். மூன்று நாளில் முதல்முறையாக அடுப்புப் பற்றியது.

அவள் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த வாரக் கடைசியில் பூத்துக்காரர் ஆள் அனுப்பினார். மைத்துனன்தான். சோதனை வருகிறது என்று தெரிந்ததும் முதலாளி அவனை எண்ணெய்க்குப் பயிரிடுகிற செம்பனைத் தோட்டத்தில் ஒரு கொட்டகைக்குத் தள்ளிவிட்டிருந்தார். ஆள் கையைவிட்டும் போகக்கூடாது, போலீசும் பார்க்கக்கூடாது என்பது அவர் கவலை. ஊருக்குப் போகிறேன் என்றால் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. தீபாவளிக் கூட்டம் முடியட்டும் என்கிறாராம்.

முதலில் என்னிடம்தான் பேசினான். குரலில் ஒரு தடுமாற்றம் இருந்தது. "வந்தா கைரேகை எடுத்துக்கிறுவான் மச்சான். திரும்ப உள்ள போக முடியாது. கொஞ்சம் பொறுத்தா எல்லாம் அடங்கிரும்ங்கிறாக. அடுத்த வருசம் பாத்துக்கிறலாமா?" என்றான்.

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி போனைப் பிடுங்கினாள். "அடுத்த வருசம் வந்தா ஒன்னைய யாருக்கும் தெரியாதுடா," என்றாள். "நீ செத்துப்போயிட்ட. பத்திரிகை அடிச்சு ஊரு பூராம் குடுத்தாச்சு. வா."

அத்தை போனை வாங்கி, அவன் "அயித்தை, அயித்தை" என்று கூப்பிடுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் உன் கடையில் என் கருமாதிப் பத்திரிகையைக்கூட அடிக்கக்கூடாது என்றாள்.

பாஸ்போர்ட்டை எப்படி வாங்கினான் என்பதை அவன் முழுதாகச் சொல்லவில்லை. எங்கேயோ வரிசையில் நின்றான், அபராதம் கட்டினான், அவர்கள் ரேகை எடுத்தார்கள், ஒரு முத்திரை குத்தினார்கள். காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்கினான். விமான நிலையத்தில் வலை, ஏட்டையா, ஒருவரும் இல்லை. 'என்னப்பா, வந்துட்டியா' என்று கேட்கக்கூட அங்கே நாதியில்லை. நான் மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டிருந்தேன், அங்கேயும்.

மறுநாள் காலை மன்றம் அவனை டீக்கடைக்குக் கூப்பிட்டது. செத்துப் பிழைத்தவனைப் பார்க்கக் கூட்டம். தலைவருக்கு அவன் வந்ததில் உண்மையிலேயே மகிழ்ச்சி. தன் கொள்கைக்கு அவன் உயிருள்ள சாட்சி என்று நினைத்தார். "அந்த நாட்டைப் பாருங்கப்பா," என்றார். "நாள் குறிச்சான், அம்புட்டுப் பேரையும் வெளிய அனுப்பிட்டான். நம்மாளுகளும் அப்பிடிச் செய்யணும். தம்பி, எப்பிடிச் செய்யிறாங்கன்னு நீ கொஞ்சம் வெவரமாச் சொல்லு."

மைத்துனன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "என்னையப் புடிக்க வர்ற போலீசுக்குச் சாயங்காலம் நாந்தாண்ணே ரொட்டி போடுவேன். எம் பேரச் சொல்லித்தான் கேப்பாக. நான் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாத்தான் எனக்குக் கூலி கம்மி. தெரிஞ்சுருச்சுன்னா சரியான கூலி குடுக்கணும்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவன் தலைவர் பக்கம் திரும்பி, மரியாதையாகவே கேட்டான். "பின்கட்டு வாடகை இப்ப எம்புட்டுண்ணே வாங்குறீக?"

தலைவர் டீ சூடாக இல்லை என்று கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்.

ஒரு நாடு இந்த விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று என்னை யாரும் கேட்கப்போவதில்லை. என்னிடம் பத்திரிகை என்ன விலை என்றுதான் கேட்பார்கள். கேட்டால் சொல்வதற்கு வைத்திருக்கிறேன். கதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் நானே இரண்டு தாழ்ப்பாள் போடுகிறவன். ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். வருகிறவனைச் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுக்கிற நாடு, அவனை வைத்துப் பிழைக்கிறவரை நாற்காலி போட்டு உட்காரவைக்கிறது. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்த முதலாளிக்கு ஒரு சம்மன்கூட இல்லை. பின்கட்டுச் சாவிக்காரருக்கு மன்றத்தில் மாலை. இதில் நானும் யோக்கியன் இல்லை, போஸ்டர் அடித்தவன். அடுத்தது, ரொட்டி போட ஆள் வேண்டுமென்றால் ஊரறிய வரச்சொல், பெயரை எழுதிக்கொள், சரியான கூலியைக் கொடு, பிள்ளைக்குக் காது குத்து என்றால் ஒரு மாதம் விடு, திரும்பி வர விடு. திரும்ப முடியும் என்று தெரிந்தவன் ஏன் ஏழு வருடம் ஒளிந்து கிடக்கப்போகிறான்? உள்ளே வராதே என்று அவர்கள் போட்ட பூட்டு, வெளியே போகாதே என்றுதான் என் மைத்துனனிடம் சொன்னது. இத்தனை பெரிய அரசாங்கங்கள் இதை யோசிக்காமலா இருக்கும் என்று கேட்பீர்கள். வேட்டியை விரித்துப் பத்திரிகையை மறைத்தபோது நானும் ரொம்ப யோசித்துத்தான் செய்தேன்.

காதுகுத்து குலதெய்வம் கோயிலில் நடந்தது. பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்த வாத்தியார், பத்திரிகையில் பெயர் இருக்கிறவன் நான்தானே என்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு முதல் பந்தியில் இடம் கொடுத்துச் சரிக்கட்டினோம். மைத்துனன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எட்டு வயதுப் பிள்ளை, கால் நீளம். எப்படி உட்கார்ந்தாலும் மடியில் பாதிதான் அடங்கியது. அதுவரை அவனைப் போனில் மட்டும் கேட்டிருந்தவள், கூச்சத்தில் நெளிந்தாள். "வெயிட்டா இருக்கேனா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். ஆசாரி முதல் காதில் ஊசியை வைத்தபோது கோயிலுக்கு வெளியே ஒரு ஜீப் சத்தம் கேட்டது. மைத்துனன் உடம்பு சட்டென்று விறைத்து, பிள்ளையோடு சேர்ந்து எழப்பார்த்தான். என் மனைவி அவன் தோளில் கையை வைத்து அழுத்தினாள். பந்திக்கு வாழைக்காய் ஏற்றி வந்த ஜீப் அது. பிள்ளை அழுதது. அவனும் அழுதான். கூட்டம் அதை மாமன் பாசம் என்று எடுத்துக்கொண்டது.

மற்ற சொந்தங்களும் சும்மா விடவில்லை. மடி மறுபடி எப்போது கிடைக்குமோ என்று, முறையில் அவன் மாமனாகிற வீட்டுக் கைக்குழந்தைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேதி பார்க்கவில்லை, பத்திரிகை இல்லை. ஒன்றை இறக்கினால் ஒன்று ஏறியது. ஆசாரிக்கே ஊசி போதவில்லை.

பந்தியில் அவன் இலைக்கு முன்னால் கடைசித் தங்கை வந்து நின்றாள். ரசம் ஊற்றுவதற்காகக் குனிய முடியவில்லை. வயிறு அத்தனை முன்னால் வந்திருந்தது. பாத்திரத்தை வேறொருத்தி வாங்கிக்கொண்டாள்.

"இதுக்கு எப்பண்ணே?" என்றாள், வயிற்றின் மேல் கையை வைத்து.

எல்லோரும் சிரித்தோம். அவன் நிமிர்ந்து பார்த்தான். சட்டைப்பையில் அந்த முத்திரை குத்தின பாஸ்போர்ட்டை வைத்திருந்தான். வந்ததில் இருந்து அதைக் குளிக்கும்போதுகூடப் பார்வை படுகிற இடத்தில்தான் வைப்பான்.

"பொறக்கட்டும்," என்றான். சொல்லிவிட்டு இலையில் இருந்த சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். ரசம் இன்னும் ஊற்றவில்லை.

தங்கைக்குக் குழந்தை பிறப்பதற்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் கிளம்பிவிட்டான். வேறொரு நாடு, வேறொரு ஏஜென்ட். எந்த விசா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பையன் பிறந்தான். மொட்டைக்கு எப்போது தேதி வைக்கிறீர்கள் என்று ஊர் கேட்டபோது, அக்கா தம்பி வரட்டும் என்று சொன்ன மாதிரியே, தங்கையும் அண்ணன் வரட்டும் என்றாள்.